பெயர் போடாமல் ஒரு போன் கடைக்கு நாலு நட்சத்திரம்

மட்டக்களப்பு நகரத்தில், திருமலை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கிற போன் திருத்தும் கடையைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயர் போடமாட்டேன். என் மச்சாளைப் பின்தொடர்ந்தவனும் தமிழ் வாசிக்கிறவன்தான், அவளுக்கு உதவினது ஆர் என்று தேடித் திரியக்கூடிய ஆள். பெயரில்லாத கடைக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். ஏறாவூரிலோ களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைக்கு இதே பிரச்சினையோடு போனால், கடைக்காரர் முதலில் எதைக் கேட்கிறார், எதைத் தொடுகிறார் என்று பார்த்து ஆளை எடைபோட இது உதவும்.

மச்சாள் என் கணவரின் தங்கச்சி. கட்டாரில் வேலை செய்கிற ஒருவரோடு அவளுக்குச் சம்பந்தம் பேசி முற்றாகியிருந்தது. லீவில் வந்தபோது அவர் ஒரு சாம்சுங் போன் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைப் பிரித்தது, சிம் போட்டது, புது ஜிமெயில் திறந்தது, வட்ஸ்அப் ஏற்றியது எல்லாம் அவரேதான். வீட்டில் எல்லாருக்கும் அதில் பெருமை. பிறகு சம்பந்தம் குழம்பிவிட்டது. ஏன் குழம்பியது என்பது இங்கே தேவையில்லை. இதற்குப் பிறகு அவரை நான் அவன் என்றே எழுதப்போகிறேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டு எழுதினான். பிறகு ஏச்சு. இரண்டையும் அவள் தாங்கிக்கொண்டாள். ஆளைக் கலங்கடித்தது அதற்குப் பிறகு வந்தவைதான். ‘இண்டைக்கு ஏன் ஏழரை பஸ்ஸ விட்ட?’ ‘கல்லடியில இறங்கி என்ன வேலை?’ நானும் அவளும் இரவு வட்ஸ்அப்பில் அவனைப் பற்றிக் கதைத்த ஒரு வரியை, நான் விட்ட எழுத்துப் பிழையோடு அப்படியே அடுத்த நாள் அவளுக்கு அனுப்பினான். பிரிந்தவர்கள் கோபத்தில் நாலு மெசேஜ் போடுவது ஊரில் நடக்கிறதுதான். நாம் சொல்லாத ஒன்றைத் தனக்குத் தெரியும் என்று காட்டி எழுதுவது வேறு. அதை எழுதுகிறவன் பதில் எதிர்பார்த்து எழுதவில்லை, பயப்படுத்துகிறான். அவளோடு வேலை செய்கிற பெண்களுக்குப் புதுப் புதுப் பேஸ்புக் கணக்குகளிலிருந்து நட்பு அழைப்பு வரத் தொடங்கியதும் அந்தக் கிழமைதான்.

மாமி சொன்ன தீர்வு: “போனக் கிணத்துக்க போடு புள்ள. போன் இல்லாமயா நாங்க வளந்த?” மாமாவின் தீர்வு, போனை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் வீடு பெண்ணுக்குத்தான். மச்சாளுக்குக் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் அத்திவாரம் போட்ட நாளே அவன் அங்கே நின்றவன். கேற் எங்கே, கிணறு எங்கே, பின்வேலியில் எந்த இடத்தில் ஆள் நுழையலாம் என்று எல்லாம் தெரியும். போனைக் கிணற்றில் போட்டால் அதெல்லாம் மறந்துவிடுமா? அதோடு, போனைப் பறித்தால் தண்டனை அவளுக்குத்தானே?

முதலில் போனது வேறு ஒரு கடைக்கு. அங்கே இருந்தவர் கதையைப் பாதி கேட்டுவிட்டே, “பிளாஷ் அடிச்சித் தாறன் அக்கா, 2,500 ரூபா. பேட்டனை எழுதி வெச்சிற்றுப் போங்க, நாளைக்குப் பின்னேரம் வாங்க” என்றார். பிளாஷ் என்றால் போனில் இருக்கிற எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவது, பேட்டன் என்றால் திரையைத் திறக்கக் கீறுகிற கோடு. போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். ஒரு பெண்ணின் போனைத் திறக்கும் வழியையும் சேர்த்து ஒரு இரவு முழுக்க முன்பின் தெரியாத ஆளிடம் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருந்தது, அதை இரண்டாவது கடையில்தான் விளங்கிக்கொண்டோம்.

இரண்டாவது கடை ஒடுக்கமானது. முன்னுக்குக் கண்ணாடிப் பெட்டி நிறைய பேக் கவர், சார்ஜர். ரீலோட் போடுகிற மேசையில் கடைக்காரத் தம்பியின் அக்கா இருக்கிறார். உள்ளே லைட்டும் பூதக்கண்ணாடியும் வைத்த மேசையில் தம்பி. நான் விசயத்தைச் சொன்னதும் அவர் போனைக் கையில் வாங்கவே இல்லை. ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மச்சாளைக் கேட்டார்:

“தங்கச்சி, இந்தப் போன ஆரு வாங்கித் தந்த?”

அடுத்தது, ஜிமெயில் திறந்தது ஆர்? பாஸ்வேர்ட் வேறு ஆருக்குத் தெரியும்? பாஸ்வேர்ட் மறந்தால் குறியீடு வருகிற ரிக்கவரி நம்பர் யாருடையது? பேட்டன் தெரிந்தவர்கள் யார்? போன் கையை விட்டு எப்போதாவது போயிருக்கிறதா? இத்தனையும் கேட்ட பிறகுதான் நான் நல்ல கேள்வி என்று நினைக்கிற கேள்வி வந்தது. “அவருக்கு என்னென்ன தெரிஞ்சிரிக்கு எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுங்க. நீங்க நிக்கிற இடம் மட்டுமா, எழுதின வசனமுமா, போட்டோவுமா?”

நாங்கள் சொல்லச் சொல்ல அவர் மூன்று வரிசையாக எழுதினார். இடம் மட்டும் தெரிந்தால் ஒரு பக்கம் பார்க்க வேண்டும், வட்ஸ்அப் வசனம் தெரிந்தால் இன்னொரு பக்கம், கலரியில் இருக்கிற படம் தெரிந்தால் மூன்றாவது பக்கம். சிலது போனிலிருந்து போகவே போகாது, ஊரில் ஆரோ வாயால் சொல்லியிருப்பார்கள் என்றும் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ வைரஸ் என்று இருந்த பயம் எனக்கு அந்த மூன்று வரிசையைப் பார்த்ததும் பாதி இறங்கிவிட்டது. மச்சாளுக்கு இறங்கவில்லை. அவள் துப்பட்டாவின் நுனியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பிறகு போனை அவளையே திறக்கச் சொன்னார். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று வாயால் சொன்னாரே தவிர, முடியும்வரை போன் அவள் கையில்தான் இருந்தது. கலரிப் பக்கம் போகவே இல்லை. இதற்காகவே ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம்.

வட்ஸ்அப் செட்டிங்ஸில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒன்று இருக்கிறது. அங்கே விண்டோஸ் கம்பியூட்டர் ஒன்றின் குரோம் நின்றது, கடைசியாகப் பாவித்த நேரத்தோடு. மச்சாளிடம் கம்பியூட்டரே இல்லை. ஒரு கணக்கோடு நாலு சாதனம் வரைக்கும் இணைக்கலாமாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டம் கட்டமான படத்தை ஒருதரம் ஸ்கேன் பண்ணினால் போதும். பிரதான போன் 14 நாளுக்கு மேல் சும்மா கிடந்தால் தானாக அறுந்துவிடும். ஆனால் தினமும் போன் பாவிக்கிற பிள்ளைக்கு எங்கே அறுகிறது? போனைச் சரிப்படுத்தித் தருகிறேன் என்று எங்கள் விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே அவன் செய்த வேலை இது.

கூகிள் மெப்ஸில் லொகேஷன் பகிர்வு, நிறுத்தும்வரை என்று போட்டு, அவனுடைய பெயருக்கே போய்க்கொண்டிருந்தது. பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைவூட்டி வந்த மின்னஞ்சல் அந்த ஜிமெயிலில் திறக்காமல் கிடந்தது. நம்மில் ஆர் ஜிமெயில் திறந்து பார்க்கிறோம்? கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலில் அவளுடைய போனுக்குக் கீழே இன்னொரு போன், நாடு கட்டார். அதாவது அவள் எடுக்கிற படம், சேமிக்கிற நம்பர், போன் நிற்கிற இடம் எல்லாம் அங்கேயும் திறந்து பார்க்கலாம். தம்பி சொன்னார்: “வீட்டுத் திறப்பில ரெண்டாவது கொத்து அவர்ட்டத்தான் கிடக்கு அக்கா. பூட்டு உடையல்ல.” முதல் கடையில் பிளாஷ் அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். போன் வெறுமையாகியிருக்கும், அதே ஜிமெயிலைத் திரும்பப் போட்டிருப்போம், அவனும் உள்ளே அப்படியே இருந்திருப்பான். போனில் இருந்த சாட்சி மட்டும் அழிந்திருக்கும்.

எதையும் நீக்குவதற்கு முன்னம் ஒவ்வொரு பக்கத்தையும் என்னுடைய போனால் படம் எடுக்கச் சொன்னார், திகதியும் நேரமும் தெரிகிற மாதிரி. மெசேஜ்களுக்கு ஸ்கிரீன்ஷொட்டோடு வட்ஸ்அப்பில் எக்ஸ்போர்ட் சட் என்பதையும் செய்து, படம் வீடியோ உட்பட என்னுடைய மின்னஞ்சலுக்கு அனுப்ப வைத்தார். பேஸ்புக்கில் வந்த கள்ளக் கணக்குகளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, பெயரை எந்த நேரமும் மாற்றிவிடலாம், புரொபைலின் லிங்கை எடுத்து வையுங்கள் என்றார். புளொக் பண்ணுவதும் ரிப்போர்ட் பண்ணுவதும் அதற்குப் பிறகுதான்.

அடுத்து அவர் கேட்டதை ஒரு போன் கடையில் நான் எதிர்பார்க்கவில்லை. “இப்ப இதெல்லாத்தையும் அறுத்தா அவருக்கு உடனே விளங்கும். அவர் ஊருலயா, கட்டாருலயா?” அவன் அப்போது லீவில் கல்முனைப் பக்கம் நின்றான். வேலை முடிந்து மச்சாள் பஸ்ஸில் தனியாக வருகிற பிள்ளை. போன் வழியாகப் பார்க்கிற அவன் கண்ணை மூடிவிட்டால் ஆள் நேரில் வந்து பார்க்கலாம் என்பது எங்கள் மூளைக்கு எட்டாத விசயம் இல்லை, ஆனால் ஆரும் அதை வாயால் சொல்லியிருக்கவில்லை. அங்கே நின்றபடியே என் கணவருக்கு எடுத்துச் சொன்னேன். அன்றிலிருந்து கொஞ்சக் காலம் அவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது என்று முடிவான பிறகுதான் தம்பி சரி என்றார்.

அந்தப் பழைய ஜிமெயிலின் பாஸ்வேர்டை மாற்றினால் போதாதா என்று கேட்டேன். ரிக்கவரி நம்பர் அவனுடையதாக இருந்ததால், நாங்கள் அதை மாற்றினாலும் ஏழு நாள் வரைக்கும் பழைய நம்பருக்கே கூகிள் குறியீடு அனுப்பக்கூடும் என்றார். அதனால் என்னுடைய போனில் அவளுக்குப் புது ஜிமெயில் திறந்தோம், அவளுடைய நம்பரோடு, பாஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்போடு. பாஸ்வேர்ட் போடும்போது தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். நம்பர்களைப் புதுக் கணக்குக்கு மாற்றி, லொகேஷன் பகிர்வை நிறுத்தி, வட்ஸ்அப்பில் அந்தக் கம்பியூட்டரை வெளியேற்றி, வட்ஸ்அப்புக்கும் ஆறு இலக்கப் பின் போட்டு, கடைசியாகப் பழைய கணக்கை அவளுடைய போனிலிருந்து எடுத்தோம். கணக்கை அழிக்கவில்லை. அது சாட்சி. மாமாவின் பழைய போன் ஒன்றில் அதை மட்டும் போட்டு அலுமாரிக்குள் வைத்திருக்கிறோம். ஏற்கெனவே அந்தக் கணக்குக்கு ஏறிவிட்ட படங்களை அவன் எடுத்து வைத்திருக்கலாம், அதை என்னால் திருப்பி எடுத்துத் தரேலாது என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

ஒற்று வேலை பார்க்கிற அப் ஏதும் இருக்கிறதா என்று பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் ஸ்கேன், செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின், அக்சஸிபிலிட்டி, நோட்டிபிகேஷன் அனுமதி இவற்றையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்படி ஏதும் இருந்திருந்தால் அந்தப் போனிலிருந்து இந்த வேலை எதையும் செய்யாமல், வேறு போன் எடுத்துத்தான் உதவி கேட்டுக் கதைக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். கைப்பைக்குள் போடுகிற சின்ன வட்டமான டிராக்கர் வில்லைகளையும் தேடுகிற வசதி அண்ட்ரொயிட் போனில் இருக்கிறது என்று காட்டினார். அதிலும் ஒன்றுமில்லை.

பில் புத்தகத்தில் ஒரு வரி மட்டும் மிச்சமாக நின்றது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் அவள் தீர்த்தமாடியதும், கூட யார் நின்றார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குப் போன் வீட்டில் கிடந்தது. தேடிப் பார்த்தால் பெரியம்மாவின் மகள் பேஸ்புக்கில் போட்ட பதினைந்து படம், எல்லாருடைய பெயரையும் டெக் பண்ணி, உலகத்துக்கே திறந்து. போனை எவ்வளவு கழுவினாலும் இந்த ஓட்டை அடைபடாது. டெக் பண்ணினால் தன்னைக் கேட்டுவிட்டுத்தான் டைம்லைனில் வரவேண்டும் என்கிற செட்டிங்ஸைப் போட்டுக்கொண்டாள். பெரியம்மாவின் மகளோடு கதைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ரீலோட் போடுகிற கடைகளில் நம்பரைக் கொப்பியில் எழுதிவிட்டு வருகிற பழக்கத்தையும் விட்டுவிட்டோம். அந்தக் கொப்பியை ஆர் பார்க்கிறார்கள் என்று ஆருக்குத் தெரியும்? இதைச் சொன்னது ரீலோட் மேசையில் இருந்த அக்காவேதான்.

இனி, ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன். வேலை முடிகிற நேரம் தம்பி உற்சாகத்தில், “வேணுமெண்டா அவர்ட பேஸ்புக்குக்குள்ள நாமளும் போய்ப் பாக்கலாம் அக்கா, எனக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் இருக்கான்” என்றார். அதுவரை அவ்வளவு நிதானமாக நடந்த ஆள்! அனுமதி இல்லாமல் ஒருவருடைய கணக்குக்குள் போவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம், அவன் செய்தாலும் நாங்கள் செய்தாலும். முறைப்பாடு கொடுக்கப் போகிற பிள்ளையின் கையில் அந்தக் கறை எதற்கு? வேண்டாம் என்றேன், அவரும் விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு அந்தக் கடையில் வந்திருக்கக் கூடாது. இரண்டாவது குறை, இடம். டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்த இரண்டு பொடியன்கள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு திரைச்சீலை போட்டால் போதும். துணி தந்தால் நானே தைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், நான் தையல்காரி.

கூலி 1,500 ரூபா. ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் இருந்த வேலைக்கு அது அதிகமில்லை. கேட்டதால் பில் தந்தார். திகதியும் ‘கணக்குப் பாதுகாப்புப் பரிசோதனை’ என்ற வரியும் போட்டு எழுதித் தந்தது பிறகு உதவியது.

கடையால் முடியாதது பொலிஸ் வேலை. ஸ்கிரீன்ஷொட்டுகளைப் பிரின்ட் எடுக்க கொம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே கம்பியூட்டரில் பைல் கிடந்துவிடும். தெரிந்த ரீச்சர் ஒருவரின் வீட்டில் எடுத்தோம். திகதி வரிசையில் அடுக்கி, முதல் பக்கத்தில் அவள் ஒரே ஒருதரம் அனுப்பிய ‘இனி என்னோடு எந்தத் தொடர்பும் வேண்டாம்’ என்ற மெசேஜை வைத்தோம். அதற்குப் பிறகு அவள் ஒரு எழுத்தும் பதில் போடவில்லை என்பது அடுக்கிப் பார்த்தால் தானே தெரியும். பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவில் ஒரு பெண் உத்தியோகத்தர் முறைப்பாட்டை எழுதினார். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும், வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்க வேண்டும், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் எழும்பக் கூடாது.

எந்தச் சட்டம் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு: தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொல்லைக்கு ஐந்து வருடம் வரை சிறை சொல்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் ஒருவரின் அந்தரங்கத் தகவலை இணையத்தில் போட்டுத் துன்புறுத்துவது குற்றம். பின்னதை வைத்து விமர்சிக்கிறவர்களின் வாயை அடைக்கலாம் என்று ஊடகக்காரர்கள் பயந்தது நியாயமான பயம் என்றே நான் நினைக்கிறேன். அதற்காக மச்சாள் போன்ற ஒருத்திக்கு அது பயன்படுமென்றால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். பொலிஸுக்குப் போகத் தயங்குகிறவர்கள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். இணையத் தொல்லைக்கென்றே ஹிதவதி என்ற சேவை இருக்கிறது, கள்ளக் கணக்கை நீக்குவிக்க அங்கே கேட்கலாம். அந்தரங்கப் படத்தைப் போடுவேன் என்று வெருட்டினால், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப்என்சிஐஐ (StopNCII.org) என்ற தளம் இருக்கிறது. படத்தை அனுப்பத் தேவையில்லை, நம்முடைய போனிலேயே அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் எடுத்து பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவற்றுக்குக் கொடுத்துத் தடுக்கப் பார்க்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, தேவைப்படக் கூடாது என்று மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

போனைத் திருப்பிக் கொடுக்கிற கதை இன்னும் முடியவில்லை. அவர்கள் வீட்டில் பெரியவர்கள் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. முடிந்த பிறகு பொலிஸில் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்து, பெட்டியோடும் சார்ஜரோடும் ஊர்ப் பெரியவர் ஒருவர் கையில் கொடுப்போம். அந்த அழிக்கிற வேலைக்கு மட்டும் தம்பியிடம் திரும்பப் போகவேண்டும். இலவசமாகச் செய்து தருகிறேன் என்றார். திரைச்சீலையோடு போகலாம் என்றிருக்கிறேன்.

கடையின் பெயர் வேண்டுமென்கிற பெண்கள் உள்பெட்டியில் கேளுங்கள், சொல்கிறேன். வெள்ளி பின்னேரமும் சனிக்கிழமையும் அங்கே நிற்க இடமிருக்காது, செவ்வாய், புதன் காலையில் போங்கள். ஆண்கள் கேட்டால் சொல்லமாட்டேன், வீட்டில் அக்காவோ தங்கச்சியோ இருந்தால் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். போன கிழமை திறந்த கணக்கிலிருந்து, பூப் படம் ஒன்றை முகமாகப் போட்டுக்கொண்டு, பெண் பெயரில் வந்து கேட்கிறவர்களுக்கும் பதில் கிடைக்காது. ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.